வெள்ளமும் மீனும்: தாழ்நிலக் குட்டையின் சிற்றுயிர்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் மாதம், மழை விட்ட ஒரு காலை. பர்மாவின் பெகு நகருக்குக் கிழக்கே, சிட்டாங் ஆற்றுப் பக்கம் போகும் வயல்வெளியில் ஒரே வரப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு குட்டைகள். இடப்பக்கக் குட்டையில் ஒரே ஒரு தடவைதான் வலையை இழுத்தேன். மல்லாந்து நீந்தும் பூச்சிகள், தட்டான் குஞ்சுகள், கண்ணுக்கே தெரியும் அளவில் தண்ணீர்த் தெள்ளுகள் என்று ஒரு கைப்பிடி உயிர் வலைக்குள் துடித்தது. வலப்பக்கத்தில் ஐந்து தடவை இழுத்தும் கிடைத்தது சேறு, நாலு நத்தை, விரல் நீளத்தில் மூன்று மீன்.

ஒரே மழை, ஒரே மண். பக்கத்து வயல்காரர் கரையில் உட்கார்ந்து செரூட் பிடித்துக்கொண்டிருந்தார். "தாத்தா, இது மட்டும் ஏன் இப்படி?" என்றேன்.

"தண்ணி எத்தன நாளா நிக்குதுன்னு பாரு தம்பி. அப்புறம் ஆத்துத் தண்ணி உள்ள வந்துச்சான்னு பாரு. வேற என்னத்தப் பாக்கப்போற?"

1996இல் கேரி வெல்போர்ன், டேவிட் ஸ்கெல்லி, ஏர்ல் வெர்னர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு நீண்ட கட்டுரையில் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான். நன்னீர் நிலைகளை, சில நாளில் வற்றுவதில் தொடங்கி எப்போதுமே வற்றாதது வரை ஒரே வரிசையில் நிறுத்தினால், அந்த வரிசையில் இரண்டு இடங்களில் உயிர்க்கூட்டம் அடியோடு மாறுகிறது. ஒன்று, வற்றும் நீருக்கும் வற்றாத நீருக்கும் நடுவில். மற்றது, மீன் இல்லாத நீருக்கும் மீன் உள்ள நீருக்கும் நடுவில். தாத்தாவின் இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு குட்டையை ஒரு வருஷம் எப்படிப் படிப்பது என்பதுதான் இனி வருவது. பெகு, டவுங்கூ, மௌல்மீன், டெல்டாப் பக்கம் என்று வயலும் ஆறும் உரசிக்கொள்ளும் எந்த ஊரிலும் செய்யலாம். பெரிய செலவு கிடையாது.

முதலில் தண்ணீரின் நாட்காட்டி

கீழ் பர்மாவில் மே மாத நடுவில் மழை இறங்குகிறது. பெகுப் பக்கம் ஒரு வருஷத்தில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அநேகமாக எல்லாமே அக்டோபருக்குள். ஜூனில் பள்ளங்கள் மழைநீரால் மட்டுமே நிரம்பும். ஆறு கரை மீறுவது பெரும்பாலும் ஜூலை பிற்பாதியிலிருந்துதான். நவம்பரில் தண்ணீர் இறங்கத் தொடங்கி, சித்திரைப் பிறப்பும் திங்யான் தண்ணீர்த் திருவிழாவும் வரும் வாரத்தில் ஊரெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொள்ள, வயல் மட்டும் வெடித்துக் கிடக்கும்.

இந்த ஏற்ற இறக்கம்தான் ஆற்றோரத் தாழ்நிலத்தின் நாடித்துடிப்பு. 1989இல் யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற மூவர் இதை 'வெள்ளத் துடிப்பு' என்ற கருத்தாகவே எழுதிவைத்தார்கள். நமக்கு அதில் முக்கியமான விஷயம், மழைநீர் வரும் நாளும் ஆற்றுநீர் வரும் நாளும் வேறு வேறு என்பது. மழைநீர் மீனைக் கொண்டுவருவதில்லை, ஆற்றுநீர் கொண்டுவருகிறது. இடையில் கிடைக்கும் அந்த ஆறேழு வாரம் பூச்சிகளின் ராஜ்யம்.

மூன்று தண்ணீர் தேர்ந்தெடுங்கள்

ஒன்று போதாது, ஒப்பிட்டால்தான் ஏதாவது புரியும். முதலாவது, மழையில் மட்டும் நிரம்பி, டிசம்பர் வாக்கில் காய்ந்துவிடும் ஒரு மேட்டுப் பள்ளம். இரண்டாவது, வெள்ளம் ஏறும்போது ஆற்றோடோ வாய்க்காலோடோ சேர்ந்துகொண்டு, கோடையில் நடுவில் ஒரு சட்டி அளவுக்குச் சுருங்கும் தாழ்நிலம். மூன்றாவது, எப்போதும் வற்றாத பழைய செங்கல் சூளைக் குழி மாதிரி ஒன்று. விரால் இருப்பது உறுதியான குழியாகப் பாருங்கள்.

தாழ்நிலம் 'இன்' என்று அழைக்கப்படும் குத்தகை மீன்பிடி நீர்நிலையாக இருந்தால், குத்தகைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையில் வலையோடு நிற்கிற ஆளைப் பார்த்தால் அவருக்கு என்ன தோன்றும் என்று விளக்க வேண்டியதில்லை. மொயுன்ஜி ஏரிப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் கவனம். வெள்ளைக்காரன் காலத்தில் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க உண்டாக்கிய நீர்த்தேக்கம் அது. இன்று வனவிலங்குச் சரணாலயம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2004இல் சேர்ந்த பர்மாவின் முதல் ஈரநிலம். அனுமதி இல்லாமல் உள்ளே வலை போடக் கூடாது. வெளியே வாய்க்கால் ஓரத்திலேயே வேண்டிய அளவு பாடம் கிடக்கிறது.

இடம் பார்க்கும்போதே மருந்து விஷயத்தையும் கேட்டுவிடுங்கள். பூச்சிமருந்து அடித்த வயலின் வடிகால் வந்து விழும் பள்ளத்தில் நீங்கள் எண்ணுவது மருந்தின் வேலையைத்தான்.

குச்சி, வலை, தட்டு

மூங்கில் குச்சியில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறி, ஒவ்வொரு குட்டையின் ஆழமான இடத்திலும் ஒன்று நட்டுவையுங்கள். வாரம் ஒரு முறை அளவைக் குறியுங்கள். தண்ணீர் வந்த முதல் நாள், ஆற்றோடு சேர்ந்த நாள், பிரிந்த நாள், காய்ந்த நாள் என்று நான்கு தேதிகள் எல்லாவற்றையும்விட முக்கியம். எவ்வளவு நல்ல வலை வைத்திருந்தாலும் இந்த நான்கு தேதி இல்லாவிட்டால் கணக்கு எழுதி லாபமில்லை.

வலைக்கு, துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை அரைவட்டமாக வளைத்து, தட்டைப் பக்கம் தரையில் படும்படி மூங்கில் கழியில் கட்டி, கொசுவலைத் துணியைப் பையாகத் தைத்துக்கொள்ளுங்கள். பூச்சிகளுக்கு இது போதும். தண்ணீர்த் தெள்ளும், சைக்ளாப்ஸ் என்ற புள்ளியளவு நீருயிரும் கொசுவலை வழியே நழுவிவிடும் என்பதால், அவற்றுக்கு மெல்லிய வாயில் துணியில் இன்னொரு சின்ன வலை. வெள்ளைத் தட்டு ஒன்று, கரண்டி ஒன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் சொட்டுக் குழாய் (பில்லர்) ஒன்று. தட்டு வெள்ளையாகவே இருக்கட்டும். நான் முதலில் நீலத் தட்டு வாங்கி, பாதி உயிர்களைப் பார்க்காமலேயே கொட்டியவன்.

காலில் ரப்பர் பூட்ஸ். நம் வயல்களில் கண்ணாடி விரியன் சாதாரணம், அதிலும் அறுவடைக் காலத்தில் வரப்போரப் புல்லில். கையில் வெட்டுக்காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் பயத்துக்காகவாவது தண்ணீரில் இறங்காதீர்கள். ராட்சத நீர்ப்பூச்சியை வெறும் கையால் எடுக்காதீர்கள். அது கடித்தால் வலி சாயங்காலம் வரை பேசும்.

சித்திரை மண்ணுக்கு ஒரு சட்டித் தண்ணீர்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். மழைக்கு முன்னால், மூன்று இடங்களிலிருந்தும் காய்ந்த மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். வற்றாத குழிக்குக் கரையோர மண் போதும். ஒவ்வொரு இடத்து மண்ணையும் தனித்தனி அகலச் சட்டியில் பரப்பி, ஒரு சாண் உயரத்துக்குப் பிடித்துவைத்த மழைநீரை ஊற்றுங்கள். குளோரின் போட்ட குழாய்நீர் கூடாது. நான்காவது சட்டியில் அடுப்பில் நன்றாக வறுத்த மண்ணையும் அதே மழைநீரையும் வையுங்கள். உயிர் மண்ணிலிருந்து வந்ததா தண்ணீரிலிருந்து வந்ததா என்பதை அந்த நான்காவது சட்டிதான் சொல்லும். நான்கையும் நிழலில் வைத்து, கொசு உள்ளே முட்டையிடாதபடி வலைத்துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

முதல் நாள் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், ஒன்றும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் நாள் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தில் வெட்டி வெட்டி நகரும் புள்ளிகள் சைக்ளாப்ஸ். அவற்றில் சில இனங்கள் பாதி வளர்ந்த நிலையிலேயே சேற்றுக்குள் உறங்கிக் கிடப்பதால் ஈரம் பட்டதும் எழுந்துவிடுகின்றன. எள்ளைவிடச் சிறிய, இரண்டு ஓட்டுக்குள் ஒளிந்து தரையோரம் உருளுபவை ஆஸ்ட்ரகாடுகள். ஒரு வாரம் வாக்கில் தண்ணீர்த் தெள்ளு வரும். காய்ந்து கிடப்பதைத் தாங்கும் தடித்த முட்டைகளாக அது மண்ணில் காத்திருந்தது. பொரித்த சில நாட்களுக்குள் தானே குட்டி போடத் தொடங்குவதால், பத்தாம் நாளில் சட்டி முழுக்க இளஞ்சிவப்பாகத் துள்ளும். மீன் குஞ்சுப் பண்ணைக்காரர்கள் மொய்னா என்று வளர்ப்பதும் இந்தத் தெள்ளு வகைதான்.

என் சட்டிகளில் வருஷா வருஷம் காய்கிற பள்ளத்து மண்ணே முதலில் விழித்தது, அதிகமாகவும் விழித்தது. வற்றாத குழியின் மண் கிட்டத்தட்ட ஊமை. உறங்கத் தெரிந்த உயிருக்குத்தான் காயும் நிலத்தில் வேலை.

வலை போடும் முறை, அதில் ஒரு பொறி

ஜூனிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில் ஒரே நேரத்தில் போங்கள். ஒவ்வொரு குட்டையிலும் புல்லோரம், திறந்த நீர், ஆகாயத்தாமரை வேர் என்று மூன்று இடம். ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் தூரத்துக்கு வலையைத் தரையோரமாக இழுத்து மூன்று வீச்சு. தட்டில் கொட்டி, வகைவகையாக எண்ணி, படம் எடுத்து, தண்ணீரிலேயே விட்டுவிடலாம். பெயர் தெரியாவிட்டால் 'முதுகில் முட்டை சுமப்பது', 'குச்சி மாதிரி, வால் நீளம்' என்று எழுதுங்கள். முதல்வன் ராட்சத நீர்ப்பூச்சிக் குடும்பத்து ஆண், இரண்டாவது நீர்க்குச்சிப் பூச்சி. பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

பொறி என்னவென்றால், செப்டம்பரில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தாழ்நிலத்தில் வலை வெறுமையாக வரும். 'எல்லாம் செத்துப்போச்சு' என்று எழுதத் தோன்றும். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் எழுதினேன். உண்மையில் ஒரு ஏக்கரில் இருந்த உயிர் பத்து ஏக்கருக்குப் பரவியிருந்தது, அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு தடவையும் தண்ணீரின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து எழுதுங்கள். வீச்சுக்கு எத்தனை என்ற எண்ணை அந்தப் பரப்பால் பெருக்கிப் பார்த்தால், வலை ஏறக்குறைய வெறுமையாக வந்த மாதமே வருஷத்தின் கொழுத்த மாதமாக இருக்கக் காண்பீர்கள்.

நாட்களை வைத்து வாசிப்பது

தண்ணீர் இரண்டு வாரம் மட்டும் நின்றால் கொசுப்புழு, சைக்ளாப்ஸ், ஆஸ்ட்ரகாட், தண்ணீர்த் தெள்ளு, சேற்றில் சிவப்புப் புழு. ஹீமோகுளோபின் இருப்பதால் சிவந்த இந்தப் புழு, காற்று குறைந்த சேற்றிலும் மூச்சுவிடும். ஒன்றரை இரண்டு மாதம் நின்றால் மழையோடு கூட்டமாக வரும் அந்த மஞ்சள் தட்டானின் குஞ்சுகள் வளர்ந்து பறந்துவிடும். கடலையே தாண்டி இடம்பெயரும் தட்டான் அது. காய்ந்துபோகும் குட்டையை நம்பிப் பிள்ளை வளர்க்க அதற்குத் தெரியும். மூன்று நான்கு மாதம் என்றால் ஊசித்தட்டான், நீர்வண்டுகளின் புழு, நீர்த்தேள், நீர்ப்பூச்சிகள். வருஷம் முழுக்க நின்றால்தான் பெரிய உடம்போடு மெதுவாக வளரும் தட்டான் குஞ்சுகளும் சிப்பியும்.

ஆப்பிள் நத்தை இந்த வரிசைக்கு அடங்காது. நுரையீரலும் செவுளும் இரண்டும் உள்ள அது, தண்ணீர் வற்றினால் மூடியைச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் தூங்கிவிடும். அறுவடை முடிந்த வயலில் நத்தை குத்தி நாரை குத்திக் குத்தித் தேடுவது இதைத்தான்.

ஆறு ஏறிய புதிதில் இன்னொன்றும் நடக்கும். மூழ்கிய புல் அழுகி, தண்ணீர் கறுத்து, காற்றில்லாமல் போகும். மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அந்த வாரத்தில் வண்டுகளைப் பாருங்கள், அலட்டிக்கொள்ளவே மாட்டா. இறக்கைக்கு அடியில் காற்றுக் குமிழைச் சுமந்துகொண்டு இறங்கும் வண்டுக்கும், வால்குழாய் வழியே மூச்சிழுக்கும் நீர்த்தேளுக்கும் தண்ணீரில் காற்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மீன் வந்த பிறகு

ஆறு சேர்ந்த நாளிலிருந்து உங்கள் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதுதான் மொத்தப் பயிற்சியின் மையம்.

மீன் கண்ணால் வேட்டையாடுகிறது. பெரியது, நகர்வது, திறந்த நீரில் நீந்துவது முதலில் போகும். 1965இல் புரூக்ஸ், டாட்சன் இருவரும் அமெரிக்காவின் கனெக்டிகட் ஏரிகளில் இதை அழகாகக் காட்டினார்கள். தெள்ளு தின்னும் ஒரு மீன் வந்த ஏரியில் பெரிய மிதவை உயிர்கள் மறைந்து, சிறியவை அந்த இடத்தைப் பிடித்தன. நம் குட்டையிலும் அதேதான். மல்லாந்து நீந்தும் பூச்சி காணாமல் போகும், தெள்ளு சிறுக்கும். புல் நடுவிலும் சேற்றுக்குள்ளும் ஓட்டுக்குள்ளும் வாழ்பவை மிஞ்சும். வட அமெரிக்காவின் ஊசித்தட்டான்களில் மீன் உள்ள ஏரியின் இனங்கள் ஆபத்து வந்தால் அசையாமல் இருக்கும். மீன் இல்லாமல் பெரிய தட்டான் குஞ்சுகள் ஆளும் ஏரியின் இனங்களோ வேகமாக நீந்தி ஓடும். ஏனென்றால் மீனிடமிருந்து ஓடித் தப்ப முடியாது, தட்டானிடமிருந்து முடியும். நீர்வண்டுகளில் சில, மீன் இருக்கும் தண்ணீரில் இறங்குவதையே தவிர்க்கின்றன. அதனால் ஒரு குட்டையில் வண்டு இல்லையென்றால் தின்னப்பட்டது என்றுதான் அர்த்தமாக வேண்டியதில்லை. வராமலே போயிருக்கலாம்.

எந்த மீன் என்றும் கேளுங்கள். கரையோரம் திரியும் சின்னக் கெண்டைக் கூட்டம் தெள்ளையும் குஞ்சுப் பூச்சிகளையும் துடைத்துவிடும். பெரிய விரால் அந்தச் சின்ன மீன்களையே தின்பதால் பூச்சிகளுக்கு ஒருவகையில் காவலாளி. மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியாவுக்குப் போகும் கெளுத்தி இரவில் சேற்றைக் கிளறித் தேடும், அதன் கணக்கு வேறு. விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை மூன்றும் வெளிக்காற்றை விழுங்கி மூச்சுவிடுவதால், தண்ணீர் சட்டியளவு ஆன பிறகும் இவை கடைசி வரை நிற்கும்.

மீன் தின்ன மட்டும் வருவதில்லை. சிப்பியின் குஞ்சு கொஞ்ச நாள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டித்தான் வளரும். மீன் ஏறாத பள்ளத்தில் இந்தச் சிப்பிகள் ஏறுவதும் அரிது.

இனி நவம்பர். தண்ணீர் சுருங்குகிறது, மீன் சுருங்கவில்லை. பத்து ஏக்கருக்குப் பரவியிருந்த வாய்கள் ஒரு ஏக்கருக்குள் நெருங்குகின்றன. தடின்ஜூட் விளக்குத் திருவிழா முடிந்து ஒரு மாதத்துக்குள் தாழ்நிலத்தின் பூச்சிக் கணக்கு செங்குத்தாக விழுவதை என் நோட்டில் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். ஆகாயத்தாமரை வேரில் மட்டும் கொஞ்சம் தப்பியிருக்கும். அந்தக் குழம்பிய கஞ்சித் தண்ணீருக்குத்தான் கொக்கும் நாரையும் வந்து இறங்குகின்றன.

2023 அக்டோபரில் பெகு நகரமே தண்ணீரில் நின்றதே, அந்த வெள்ளம் என் மேட்டுப் பள்ளத்திலும் ஏறியது. வழக்கமாக மீனே இல்லாத இடத்தில் விரல் நீளக் கெண்டைகள். மூன்றே வாரத்தில் மல்லாந்து நீந்தும் பூச்சி ஒன்றுகூட வலையில் விழவில்லை. இனி இது மீன்குட்டைதான் என்று நினைத்தேன். பிப்ரவரியில் பள்ளம் காய்ந்தது, மீன் கருவாடானது. அடுத்த ஜூனில் பூச்சிகள் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்திருந்தன. பள்ளம் காய்ந்ததுதான் அவற்றைக் காப்பாற்றியது.

கூண்டு வைத்துப் பார்க்கலாம்

கண்ணால் பார்த்தது போதாது, மீன்தான் காரணமா என்று உறுதி வேண்டும் என்றால் கூண்டு. நாலு மூங்கில் கம்பு, சுற்றிலும் சின்னக் கண்ணி வலை, ஒரு மீட்டர் சதுரம், அடி சேற்றில் அரை முழம் புதைந்திருக்க வேண்டும். மூன்று கூண்டை முழுக்க அடையுங்கள். இன்னும் மூன்றில் இரண்டு பக்கம் திறந்து விடுங்கள். வலை நிழல் கொடுக்கும், நீரோட்டத்தை மட்டுப்படுத்தும், பாசி பிடிக்கும். திறந்த கூண்டு இருந்தால்தான் அந்த விளைவையும் மீனின் விளைவையும் பிரித்துப் பார்க்கலாம். நாலு வாரம் கழித்து உள்ளே மூன்று வீச்சு.

ஒரு தடவை என் அடைத்த கூண்டில் வெளியே இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டு கூண்டைப் பிரித்தால், அடியில் சுண்டுவிரல் நீள விரால் குஞ்சு ஒன்று. குஞ்சாகக் கண்ணி வழியே நுழைந்து, எதிரியே இல்லாமல் தின்று வளர்ந்திருக்கிறது. அதிலிருந்து கூண்டு அடைத்த அன்றும், ஒரு வாரம் கழித்தும் கைவலையால் உள்ளே துழாவிவிடுவேன்.

புல் அடர்ந்த இடத்தில் கூண்டுக்கு உள்ளும் வெளியும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம். அது தோல்வி இல்லை. மறைய இடம் இருந்தால் மீனின் கை நீளாது, அங்கே நாட்கணக்கே பெரிது என்று அர்த்தம். திறந்த நீரில் இன்னொரு கூண்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் வாங்கிய கப்பி மீனை மட்டும் சோதனைக்காகக்கூடக் குட்டையில் விடாதீர்கள். வீட்டுச் சட்டியில் மொய்னாவோடு போட்டு, எத்தனை மணி நேரத்தில் காலியாகிறது என்று பார்க்கலாம், அதோடு சரி.

வருஷம் முடிந்ததும் காய்ந்த மண்ணில் ஒரு பிடியைக் காகிதப் பையில் எடுத்துவையுங்கள். பிளாஸ்டிக் பை வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இடம், தேதி, தண்ணீர் நின்ற நாட்கள், மீன் வந்ததா என்று மேலே எழுதி, எலிக்கு எட்டாத இடத்தில் வைத்தால் அடுத்த சித்திரைக்குச் சட்டி தயார். எங்கள் வீட்டில் நான்கு பை சமையலறைப் பரணில் இருக்கிறது. இரண்டு தடவை அம்மா அதைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "என்னடா மசாலா இது?" என்று கேட்டாயிற்று.